அந்த ஏழு வருடத்தைச் சுழித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருக்கும் மனிதவள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிரே இருந்த அதிகாரி என் தன்விவரக் குறிப்பைப் படித்துக்கொண்டே வந்தார். கணக்குப் பிரிவில் ஒன்பது வருட அனுபவம் என்ற இடத்தில் தலையாட்டினார். அடுத்த வரியில் பேனா நின்றது. இடையில் விடுபட்ட ஆண்டுகளைச் சுற்றி ஒரு சுழி போட்டுவிட்டு, "இந்த ஏழு வருடம் என்ன செய்தீர்கள்?" என்றார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டேன் என்றேன். படிவத்தில் அவர் எழுதியது மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகத் தெரிந்தது: 'வேலை இல்லை.'

அந்த நாற்காலியில் வந்து உட்கார நான் ஒன்றரை வருடம் யோசித்திருந்தேன். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போடுவேன். எனக்குக் கிடைக்கக்கூடிய சம்பளத்திலிருந்து குழந்தைகள் காப்பகக் கட்டணம், போக்குவரத்து, வீட்டு வேலைக்கு ஆள் என்று கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. நோட்டை மூடிவிடுவேன். கணக்கே தொழிலாக இருந்த எனக்கு, அந்தக் கணக்கு தப்பு என்று உறைக்கப் பல மாதங்கள் ஆயின. பிள்ளைகள் எனக்கும் என் கணவருக்கும் பொது. காப்பகச் செலவு மட்டும் ஏன் என் சம்பளத்தில் கழிகிறது? இன்னொன்று, நான் பார்த்தது முதல் மாதச் சம்பளத்தை மட்டும். வேலைக்குப் போகாத ஒவ்வொரு வருடமும் சம்பள உயர்வையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் சேர்த்தே கொண்டுபோகிறது. அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

நான் ஒருத்தி இல்லை. பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் 2023இல் 70.8 கோடி என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பு. அதே காரணத்தால் வெளியே நிற்கும் ஆண்கள் 4 கோடி. குடும்பப் பொறுப்பால் விலகியவர்கள் மீண்டும் வேலையில் சேர வழிசெய்ய வேண்டும் என்று அந்த அமைப்பின் 156ஆம் உடன்படிக்கை 1981இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும்படி மென்பொருளைப் பழக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. அப்படித் தள்ளப்பட்டவளுக்கு ஏன் என்றுகூடத் தெரியாது. தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்வாள். அந்த வடிகட்டியை எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இடைவெளியைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முதல் கேள்வியாக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கைக் கையில் கொடுத்து முடித்துக் காட்டச் சொல்லுங்கள். புதிய மென்பொருள் எனக்குப் பழக்கமில்லை என்பது உண்மை; அதற்குச் சில வாரப் பயிற்சி போதும். அதைக் காரணம் காட்டி ஒன்பது வருட அனுபவத்தை அழித்து, புதியவர் சம்பளம் பேசாதீர்கள். வேலை நேரத்தை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று தெரியாமல் எந்தத் தாயாலும் முடிவெடுக்க முடியாது. அதை நாங்களாகக் கேட்டால் ஈடுபாடு இல்லாதவள் என்று எண்ணுகிறீர்களோ என்ற பயமும் எங்களுக்கு உண்டு.

என் தோழி ஒருத்தி இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருப்பது என்று முடிவெடுத்தாள். அது அவள் மனம் விரும்பி எடுத்த முடிவு, அதை மதிக்கிறேன். ஆனால் வர விரும்பி, உங்கள் வாசல் வரை வந்து திரும்பியவர்களின் நிலையை விருப்பம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாரம் எனக்கு வேறோர் இடத்தில் நேர்காணல் இருக்கிறது. தெரிந்தவர்கள் அந்த ஏழு வருடத்தை எப்படியாவது மறைத்து எழுதச் சொன்னார்கள். நான் மறைக்கவில்லை. 'குடும்பப் பராமரிப்பு' என்று ஆண்டுகளைக் குறிப்பிட்டு ஒரு தனி வரியே சேர்த்திருக்கிறேன்.