அப்ரண்டிஸ் ஆண்டு பாஸ்புக் அச்சிடுவதற்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்துறை வங்கிகள் பட்டதாரிகளை ஓராண்டுக்கு அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகையுடன் தொழில் பழகுபவராக, எடுப்பது அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. நாடு முழுதும் ஸ்டேட் வங்கி 2023-இல் 6,160 பேருக்கும், கனரா வங்கி 2024-இல் 3,000 பேருக்கும், இந்தியன் வங்கி அதே ஆண்டில் 1,500 பேருக்கும் அறிவிப்பு வெளியிட்டன. அரசுக் கல்லூரியில் பி.ஏ., பி.காம். முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நிதித்துறையில் இதைவிட நேரான வாசல் இப்போது இல்லை. சிபாரிசு தேவையில்லை. 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடஒதுக்கீடு உண்டு. உள்ளூர் மொழி கட்டாயம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பலம்: பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ தமிழ் படித்த மதிப்பெண் சான்றிதழைக் காட்டினால் மொழித்தேர்வு கிடையாது. இத்தனை இருந்தும் பலர் காகித வேலையிலேயே தடுக்கி விழுகிறார்கள். உள்ளே போனவர்களிலும் பலர் தொழில் கற்காமலே ஓராண்டு முடித்து வெளியே வருகிறார்கள்.

முதலில், எந்த வங்கி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டேட் வங்கி 60 நிமிடத்தில் 100 கேள்வி என்று தேர்வு வைத்தது. ஆங்கிலப் பகுதி தவிர மற்றவற்றைத் தமிழிலும் எழுதலாம் என்று அறிவிப்பிலேயே இருந்தது. கனரா வங்கி 2024-இல் எழுத்துத் தேர்வே வைக்கவில்லை. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்தியது. பிளஸ் டூவில் குறைவாக எடுத்துவிட்டுக் கல்லூரியில் முதலிடம் பிடித்த பெண்ணுக்கு அந்த வழி அடைபட்டது. அவர் தேர்வு வைக்கும் வங்கிக்குத்தான் படிக்க வேண்டும்.

கல்லூரிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஏற்கெனவே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவரையும், பட்டம் பெற்றபின் ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவரையும் வங்கிகள் இதற்கு எடுப்பதில்லை. கடைசி ஆண்டு முடிந்ததும் வளாகத்துக்கு வரும் ஏதோ ஒரு நிறுவனத்தில், படிப்புக்குத் தொடர்பே இல்லாத வேலைக்கு, அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் மாணவரைச் சேர்த்துவிடுகிறார்கள். கல்லூரியின் கணக்கில் ஒருவருக்கு வேலைவாய்ப்பு கூடுகிறது. அந்த மாணவருக்கோ வங்கி வாசல் மூடிவிடுகிறது. கையெழுத்து வாங்குவதற்கு முன் இதைச் சொல்வது கல்லூரியின் கடமை.

அடுத்தது பணம். மாத உதவித்தொகை என்று அறிவிக்கும் தொகை பெரும்பாலும் முழுதாக ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கனரா வங்கியின் 2024 அறிவிப்பில் ரூ.15,000-இல் வங்கியின் பங்கு ரூ.10,500, மீதி ரூ.4,500 மத்திய அரசின் பங்கு; அது நேரடிப் பணப் பரிமாற்றத்தில் வரும். அந்தப் பணம் வராமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆதாரை வங்கிக் கணக்கில் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணமாகக் கொடுப்பது வேறு, அரசுப் பணம் பெற அந்தக் கணக்கை ஆதாருடன் பொருத்துவது வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் பொருந்தும்; கடைசியாகப் பொருத்திய கணக்குக்கே பணம் போகும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 வாங்கியவர்களுக்கு அப்படியொரு கணக்கு ஏற்கெனவே இருக்கும். படிப்பு முடிந்ததும் அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அரசின் பங்கு அங்கே போய்ச் சேரும், அல்லது கணக்கு முடங்கியிருந்தால் திரும்பிவிடும். மைஆதார் தளத்தில் எந்த வங்கி பொருந்தியிருக்கிறது என்று பார்க்கலாம். அதற்கு ஓடிபி வர வேண்டும். ஆதாரில் இருப்பதோ அப்பாவின் பழைய கைப்பேசி எண்! விண்ணப்பிக்கும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும். இனிஷியலும் அப்படித்தான்: பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்தும் ஆதாரில் தகப்பனார் முழுப்பெயரும் இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டி வரும்.

உதவித்தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் ஒன்றாம் தேதி சேர்ந்தவர் கையில் முதல் பணம் விழ நாற்பது நாள் ஆகும். வெளியூர்க் கிளை கிடைத்தால் விடுதி முன்பணம், சாப்பாடு, பேருந்து எல்லாம் வீட்டிலிருந்துதான். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிள்ளைகள் சேராமல் விடுவது இந்த நாற்பது நாளால்தான். முதல் மாதத் தொகையில் பாதியை, சேர்ந்த வாரத்திலேயே முன்பணமாகக் கொடுத்துப் பின்னர் கழித்துக்கொள்ள வங்கிகளுக்குப் பெரிய செலவில்லை.

கிளைக்குள் நடப்பதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. கணக்குகளைக் கையாளும் கோர் பேங்கிங் கணினியில் அப்ரண்டிஸுக்குப் பயனர் எண் கொடுப்பதில்லை. அது சரியான பாதுகாப்பு; அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அதையே காரணமாக்கி, பாஸ்புக் அச்சிட, படிவம் நிரப்பித்தர, வரிசையை ஒழுங்குபடுத்த என்று ஓராண்டையும் ஓட்டிவிடுகிறார்கள். பயனர் எண் இல்லாமலே கற்றுத்தர எவ்வளவோ இருக்கிறது. நகைக்கடன் கோப்பை எடுத்து, மொத்த எடையில் கல்லும் அரக்கும் கழித்து நிகர எடை எப்படி வருகிறது, அதன் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் என்று கணக்குப் போடச் சொல்லலாம். சுயஉதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவையும் படித்துத் தரமதிப்பீடு எழுதச் சொல்லலாம். பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர் ஆவணங்களைப் பார்ப்பதில் வெளிமாநிலத்திலிருந்து வந்த இளம் அதிகாரியைவிட விவசாயி வீட்டுப் பிள்ளை கெட்டி. அந்த அறிவை வங்கி பயன்படுத்திக்கொள்ளட்டும். தவணை தவறி 30, 60, 90 நாள் ஆகும்போது கடன் கணக்கின் வகை மாறுவது ஏன், குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு மட்டும் இரண்டு பருவம் என்று தனிக் கெடு ஏன் என்பதை ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வாராக்கடன் பட்டியலோடு கள அலுவலருடன் நாலு ஊர் போய் வந்தால் கடன் என்றால் என்னவென்று புரிந்துவிடும்.

இதற்கு மேலாளரின் நல்ல மனம் போதாது, ஓர் ஏடு வேண்டும். வைப்பு, கடன், காசோலைத் தீர்வு, குறைதீர்ப்பு என்று எந்த மாதம் எந்த மேசை, என்ன கோப்பு பார்த்தார் என்று எழுதி மேலாளர் கையெழுத்திட வேண்டும். வட்டார அலுவலகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடிந்தவர்களுக்கு வேலை தரும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. இதைச் சேரும் முன்பே பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஸ்டேட் வங்கி, தன்னிடம் பயிற்சி பெற்றவர்களுக்கு ஜூனியர் அசோசியேட் (எழுத்தர்) முதன்மைத் தேர்வின் 200 மதிப்பெண்ணில் 5 கூடுதலாகத் தரும் முறையை வைத்திருக்கிறது. ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பு நழுவும் தேர்வில் 5 என்பது பெரிது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் எழுத்தர்களை, பல வங்கிகளுக்கும் சேர்த்துத் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் அமைப்பின் பொதுத்தேர்வு வழியாக எடுப்பதால் தனித்து இதைச் செய்ய இயலாது. நிதியமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை, பொதுத்தேர்விலேயே எல்லா வங்கி அப்ரண்டிஸ்களுக்கும் இந்த 5 மதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் சிலர்,
திருவண்ணாமலை.