சுவரைப் பார்த்து வறுமையை அளப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அன்புடையீர்,

திருகோணமலையின் கரையோரக் கிராமமொன்றில் அயலவர்களுக்கு, வறிய குடும்பங்களுக்கான அரசின் மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவாகிய அஸ்வெசுமவுக்கு விண்ணப்பங்களும் மேன்முறையீடுகளும் எழுதிக் கொடுத்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற வகையில், அக்கொடுப்பனவுக்குக் குடும்பங்களைத் தெரிவுசெய்யும் முறையில் நான் கண்ட ஒரு குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

2023 யூலையில் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிடுகிறது. இதற்கு முன்னிருந்த சமுர்த்தி நிவாரணத் திட்டத்தின் காலத்தில் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு யாருடைய வாசலில் போய் நிற்கவேண்டியிருந்தது என்பதை ஊர் அறியும். ஆகவே இந்தப் புள்ளி முறையை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். பழைய முறைக்குத் திரும்பவேண்டும் என்று இன்றும் கேட்கமாட்டேன். ஆனால் வீட்டு நிலைமை என்ற அந்த ஒரு துறை எமது மாவட்டத்தில் தலைகீழான விடையைத் தருகிறது.

2004 மார்கழிச் சுனாமியில் கடல் கொண்டுபோன குடிசைகளின் இடத்தில் தொண்டு நிறுவனங்கள் கல்வீடுகள் கட்டித் தந்தன. 2006இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து, 2015 தொடக்கம் ஊர் திரும்பியவர்களிலும் பலர் வீட்டுத் திட்டங்களாலேயே கூரை கண்டார்கள். இவ்வாறு கைநீட்டிப் பெற்ற வீட்டின் சீமெந்துச் சுவரும் ஓட்டுக் கூரையும், உழைத்துக் கட்டிய வீட்டின் சுவரைப் போலவே படிவத்தில் பதியப்படுகின்றன. வீடு யார் தந்தது என்று கேட்கும் கேள்வி எதனையும் நான் நிரப்பிய படிவங்களில் காணவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், கணவனை இழந்தவர், கருவாடு காயவைக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். அவருடைய வீட்டுச் சுவரில் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. சமையலோ வெளியே, ஓலைத்தட்டியின் மறைவில், மூன்று கல் அடுப்பில். யாரோ கொடுத்துவிட்டுப் போன, என்றோ பழுதாகிவிட்ட குளிர்சாதனப்பெட்டியில் எலிக்குப் பயந்து அரிசியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். கணக்கெடுக்க வந்தவர் குளிர்சாதனப்பெட்டி ‘உண்டு’ என்று அடையாளமிட்டுக்கொண்டு போனார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. பெட்டி இருந்தது உண்மைதான். அதற்குள் எத்தனை சுண்டு அரிசி இருந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தக் குடும்பத்தின் உண்மையான வருமான அறிக்கை பக்கத்துக் கடையின் கடன் கொப்பியில் இருக்கிறது.

வருமானக் கேள்வியிலும் இதே சிக்கல் உண்டு. கரைவலை இழுப்பவனுக்குப் பங்கு கிடைப்பது கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் மட்டுமே. வாடைக்காற்று தொடங்கினால், கார்த்திகையிலிருந்து தை வரையில் வள்ளங்கள் பெரும்பாலும் கரையில்தான் கிடக்கும். ஆடியில் கேட்டால் ஒரு தொகை சொல்வான். மார்கழியில் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இராது.

தெரிவானவர்களும் நிறைவாக உண்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 2025 தொடக்கத்திலிருந்து வறிய குடும்பத்துக்கான மாதக் கொடுப்பனவு 8,500 ரூபாவிலிருந்து 10,000 ஆகவும், மிக வறிய குடும்பத்துக்கானது 15,000இலிருந்து 17,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. அரசின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணித்த வறுமைக் கோடு 2025இல் ஆளொருவருக்கு மாதம் ஏறக்குறைய 16,000 ரூபா என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், ஒரு குடும்பம் முழுவதற்கும் கிடைப்பது ஏறத்தாழ ஒருவருடைய பங்கு, அல்லது அதற்கும் குறைவு என்பது விளங்கும். 1979இல் அரிசிப் பங்கீட்டை விட்டு உணவு முத்திரைக்கு மாறியபோதும் ரூபாத் தொகை நின்ற இடத்தில் நிற்க, விலை ஏறிக்கொண்டு போனது. அந்த முத்திரையோடு கடைக்குப் போன எங்கள் தலைமுறைக்குப் போதாத கொடுப்பனவு புதிதல்ல.

தொகையை உயர்த்துவது திறைசேரியின் வல்லமையைப் பொறுத்தது. அதனை நான் இங்கே வாதிடவில்லை. நன்கொடையாகவோ மீள்குடியேற்றத் திட்டத்திலோ கிடைத்த வீட்டைக் குடும்பத்தின் வசதியாகக் கணக்கிடாது விடுவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஒன்று போதுமானது. நிராகரிக்கப்பட்டவர்களுக்கு எந்தச் சுட்டியால் நிராகரிக்கப்பட்டார்கள் என்பதைத் தமிழில் எழுதி அறிவித்தால், எம் போன்றவர்கள் இருட்டில் மேன்முறையீடு எழுதவேண்டிய நிலையும் நீங்கும்.

மேற்சொன்ன தாய்க்காக இரண்டாவது மேன்முறையீட்டைச் சென்ற வாரம் எழுதினேன். குளிர்சாதனப்பெட்டி பற்றிய வரியில் விளக்கம் எழுத இடம் இருக்கவில்லை. ‘இயங்காது, அரிசி வைக்கப் பயன்படுகிறது’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருகோணமலை.