கோவான்னா பீச் மட்டும் இல்ல, மலையும் இருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல கோவா கட்டுரை படிச்சேன். பாகா, கலங்குட், அஞ்சுனான்னு ரூம் வாடகை வரைக்கும் போட்டிருந்தீங்க, ஆனா கிழக்குப் பக்கம் இருக்கற மலைய பத்தி ஒரு வரி கூட இல்ல, மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

நாங்க அக்டோபர் கடைசில குடும்பத்தோட போயிருந்தோம், ரெண்டு நாள் கடல்ல ஆடிட்டு மூணாவது நாள் வண்டி எடுத்துட்டு தூத்சாகர் அருவிக்கு கிளம்பற ஊரான குலேம் போனோம், பனாஜில இருந்து 60 கிலோமீட்டர்கூட வராது. அங்கருந்து அருவிக்கு நம்ம கார் போகாது, அங்க இருக்கற ஜீப்லதான் போகணும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மழைக்காலத்துல ஜீப் ஓடாது, அத பாத்துட்டு கிளம்புங்க. ஜீப் நேரா ஆத்துக்குள்ளயே இறங்குது, என் காலடிக்கு தண்ணி வந்துருச்சு! 310 மீட்டர் அருவி, நாலு அடுக்கா பால் மாதிரி இறங்குது, குறுக்கால ரயில் பாலம். நாங்க நிக்கும்போதே ஒரு கூட்ஸ் வண்டி மேல ஏறிச்சு, 37 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறற ஏத்தம்ங்கறதால பின்னாடியும் இஞ்சின் வச்சு தள்றாங்க, அருவி சத்தத்துல அதோட ஹாரன்கூட மெல்லிசாதான் கேட்டுச்சு. அருவிக்கு கீழ இருக்கற குளத்துலதான் எங்க பக்கத்துல குளிச்ச ஒருத்தர் சிப்ஸ் பாக்கெட்ட தண்ணில விட்டாரு, என் பொண்ணு நீந்திப் போயி எடுத்துட்டு வந்தா, அவரு திரும்பிக்கூட பாக்கல, எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு.

சாயங்காலம் தாம்டி சுர்லா மகாதேவர் கோயில். அப்ப கோவாவ ஆண்ட கதம்ப ராஜாக்கள் காலத்து கருங்கல் கோயில், ரொம்ப சின்னதுதான், காட்டுக்குள்ள ஒளிஞ்சு இருந்ததாலதான் போர்ச்சுகீசியர் கையில சிக்காம தப்பிச்சுதுன்னு சொல்றாங்க. தூண தொட்டா அந்த வெயில்லயும் சில்லுன்னு இருக்கு, பக்கத்துலயே ஆறு ஓடுது, பூசாரி மணி அடிச்சத தவிர ஒரு சத்தம் இல்ல. நம்ம ஊர் பெரிய கோயில்கள பாத்து வளர்ந்த எனக்கே அங்கருந்து கிளம்ப மனசு வரல.

இத எழுத இன்னொரு காரணமும் இருக்கு. தூத்சாகர் தண்ணிதான் காண்டேபார் ஆறா ஓடி, ஓபாங்கற ஊர்ல சுத்தம் பண்ணி பனாஜிக்கு குடிக்க போகுது, அந்த மலை இல்லன்னா ஊருக்கே தண்ணி இல்ல. ஆனா அருவி இருக்கற அந்த மொல்லெம் காட்டுக்குள்ள ரெண்டாவது ரயில் தடம், நாலு வழிச் சாலை, உயர் அழுத்த மின்சார லைன்னு மூணு திட்டம் ஒண்ணா வந்துச்சு. ரயில் தடத்த எதிர்த்து 2020 நவம்பர்ல கோவாவுல சாந்தோர்ங்கற ஊர்ல ஜனங்க ராத்திரில தண்டவாளத்துகிட்ட கூடி நின்னாங்க, 2022-ல உச்ச நீதிமன்றம் அந்த ரயில் தடத்துக்கு குடுத்த வன உயிரின அனுமதிய ரத்து பண்ணிச்சு. மத்த ரெண்டும் இப்ப என்ன நிலமைல இருக்குன்னு உங்க நிருபர் ஒருத்தர அனுப்பி எழுத வைங்க சார். போறவர ஜீப் ஓட்டறவங்ககிட்டயும் பேச சொல்லுங்க, எங்க ஜீப் ஓட்டுனவரு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மரத்த காட்டி பேரு சொல்லிட்டே வந்தாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சேலம்