விளக்கு வைக்கிற நேரம்

முள்ளியவளை
2021 தை 9

அன்பு மகனுக்கு,

4ஆம் திகதி இரவு கொரோனாவுக்காக இங்கிலாந்தை மூன்றாம் முறையும் பூட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதில் இருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தோம். போனில் சொன்னால் ‘சரியம்மா, சரியம்மா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுத்தென்றால் சுவரில் ஒட்டி வைக்கலாம். படம் எடுத்து வட்சப்பிலும் அனுப்புகிறோம்.

அடைபட்டுக் கிடக்கிறதைப் பற்றி வன்னிச் சனத்துக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009இல் போர் முடிந்து எங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாம்களில் முதலில் தொலைந்தது கிழமை. இன்று செவ்வாயா வெள்ளியா என்று தெரியாமல் போனால் அடுத்தது குளிக்கிற நேரம் தவறும், பிறகு சாப்பாடு, பிறகு நித்திரை. இதெல்லாம் போனபின் சாமி கும்பிட மனம் வராது. மனம் வரட்டும் என்று காத்திருக்காதே தம்பி. நேரத்தைப் பிடித்துக்கொள்.

காலையில் எழும்பிக் குளித்து, விபூதி பூசி, விளக்கை ஏற்று. வாடகை அறையில் விளக்கு வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. திரைச்சீலை, கட்டில், கடதாசி எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. சில்வர் தட்டு ஒன்றின் நடுவில் சின்ன அகல் வை. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் போதும். திரி தடித்தாலோ நுனி நீண்டாலோ புகைக்கும். ஒரு நெல் அளவுக்கு மேல் நுனி வெளியே நிற்க வேண்டாம். கற்பூரமும் சாம்பிராணியும் அறைக்குள் வேண்டவே வேண்டாம், புகை பட்டால் கூரையில் உள்ள அலாரம் வீடு முழுக்கக் கத்தும். அதற்காக அலாரத்தைப் பொலித்தீனால் மூடிக் கட்டுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், நீ ஒருநாளும் அப்படிச் செய்யாதே. எண்ணெயில் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் ஒரு மூடியால் மூடு. அறையை விட்டு வெளிக்கிடும்போது ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் அமர்த்திவிட்டுப் போ. வீட்டுக்காரர் நெருப்பே கூடாது என்றால் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பூவும் வை. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில் கடல்நீரிலேயே ஏழு நாள் விளக்கு எரிகிறது. உன் கிண்ணத்துத் தண்ணீரை அவள் குறையாக நினைக்கமாட்டாள்.

தேவாரம் ஒன்றாவது வாய்விட்டுப் பாடு, மனதுக்குள் படிப்பது போதாது. நாள் முழுக்க ஒருவரோடும் கதைக்காதவனுக்குக் குரல் அடைத்துப்போகும். தன் குரல் தன் காதில் விழுவதே ஒரு துணை. வெள்ளிக்கிழமை கூட்டாளிமாரோடு சூமில் பஞ்சபுராணம் ஐந்து பாட்டும் ஓதுவதென்றால் எல்லோரும் ஒன்றாகப் பாட வெளிக்கிடாதீர்கள். ஒவ்வொருவருடைய சத்தமும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேருவதால் தாளம் சிதறும். ஒருவர் பாட மற்றவர்கள் மைக்கை நிற்பாட்டிவிட்டுத் தங்கள் அறையில் கூடவே பாடுங்கள். காசு கட்டாத சூம் மூன்று பேர் சேர்ந்தாலே 40 நிமிடத்தில் அறுந்துவிடும். ஆளுக்கொரு பாட்டு என்றால் அதற்குள் தாராளமாக முடியும்.

நாங்கள் இங்கே பின்னேரம் ஆறரைக்கு விளக்கு வைக்கும்போது உனக்குப் பகல் ஒரு மணி. அந்த நேரம் வெளியில் நட. காலை எட்டுக்கு விடிந்து பின்னேரம் நாலேகாலுக்கு இருட்டுகிற ஊரில் மத்தியான வெளிச்சத்தைத் தவறவிட்டால் அன்றைய நாள் போனதுதான். நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம், வேறு வீட்டார் ஒருவரோடு நடக்கலாம் என்றும் சட்டம் விட்டிருக்கிறது. தனியாக நடக்காமல் அந்த ஒருவரைத் தேடிப் பிடி. மாரிகாலத்தில் விற்றமின் டீ நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கும்படி உங்கள் சுகாதாரத் துறை சொல்கிறது. போத்தலில் 400 ஐயூ என்று இருந்தால் அதே அளவுதான்.

அறைக்குள் பச்சையாக ஏதாவது முளைக்க வேண்டும். வெந்தயம் போடு. இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவிடு. இறைச்சி வாங்குகிற பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஏழெட்டு ஓட்டை குத்தி, இரண்டு அங்குலம் மண் போட்டு, நெருக்கமாகத் தூவி, விரல் நகத் தடிப்புக்கு மண்ணால் மூடு. நாலைந்து நாளில் முளைக்கும். தண்ணீரை ஊற்றாமல் தெளி. ஈரம் கூடினால் தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும், எல்லோருக்கும் பிழைக்கிற இடம் அதுதான். ஹீற்றருக்கு மேலே வைத்தால் மண் காய்ந்து பாறும். வெளிச்சம் காணாமல் ஒரு பக்கம் நீண்டு வளைந்தால் ஒவ்வொரு நாளும் தட்டைத் திருப்பி வை. மூன்று நாலு கிழமையில் கத்தரிக்கோலால் வெட்டிப் பருப்புக்குள் போடலாம். வயல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு தட்டு மண் செய்கிற வேலையை மருந்துக்கடை செய்யாது.

மல்லித்தண்ணி குடி, நல்லது. ஆனால் அது கொரோனாவை மாற்றும் என்று வட்சப்பில் வருகிறதை நம்பாதே. காய்ச்சல், விடாத புதிய இருமல், மணமோ சுவையோ தெரியாமல் போவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே பரிசோதனைக்குப் பதி. 10 நாள் அறைக்குள் இரு. எங்களுக்கு மறைக்காதே.

14ஆம் திகதி வியாழன் பொங்கல். மின்சார அடுப்பில் பொங்குவதென்றால் பெரிய பானையாக எடு, பாதிக்கு மேல் நிரப்பாதே. சிவப்புப் பச்சை அரிசி ஒரு கப், வறுத்துக் கோது நீக்கிய பயறு கால் கப், தண்ணீர் மூன்றரைக் கப், கொஞ்சம் பால். பால் பொங்கி வரும்போது அரிசியைப் போட்டு உடனே சூட்டைக் குறை. அந்த அடுப்பு சொன்னவுடன் ஆறாது, பானையைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கத் தயாராக நில். அரிசி நசுங்குகிற பதம் வந்தபிறகுதான் சர்க்கரை முக்கால் கப் போட வேண்டும். முதலே போட்டால் அரிசி பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப் கடைசியில், மெல்லிய சூட்டில். கொதிக்கவிட்டால் திரைந்துபோகும். கயூவும் முந்திரிகை வத்தலும் நெய்யில் பொரித்துப் போடு. தனியாகச் சாப்பிடாதே. கூட இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கும் கொடு, முன்வீட்டு ஆச்சிக்கு மூடிய கிண்ணத்தில் வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டுத் தள்ளி நில்.

அங்கே சூரியன் வர எட்டு மணியாகும், எங்களுக்கு அப்போது பகல் ஒன்றரை. நாங்கள் விடியவே பொங்கிவிடுவோம், ஆனாலும் உனக்கென்று ஒரு வாழையிலையில் படைத்து வைத்திருப்போம். பால் பொங்குகிற நேரம் வீடியோவில் எடு. அடுப்படிக்கு நேரே போனை வை, உன் முகமும் தெரிய வேண்டும்.

அம்மாவும் அப்பாவும்