பொருள்: சுரங்கத்தில் நின்ற ரயிலும், நீங்கள் அனுப்பிய பதிலும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா / அம்மா,

போன செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் ஓட்டுநர் இல்லா ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே சுரங்கத்தில் 35 நிமிடம் நின்றது. புகார் செய்தேன். 'மனிதத் தவறுக்கே இடமில்லாததால் எங்கள் ரயில்கள்தான் அதிகப் பாதுகாப்பானவை' என்று பதில் வந்தது. நான் கேட்டது அதுவல்ல.

மனிதர் தவறுவார், சரி. 1975இல் லண்டன் மூர்கேட் நிலையத்தில் ஓட்டுநர் பிரேக்கே போடாமல் ரயில் சுவரில் மோதி 43 பேர் இறந்தார்கள். தானியங்கி ரயில் அங்கே நின்றிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019இல் யோகோஹாமாவில் ஆளில்லா ரயில் ஒன்று, முனை நிலையத்திலிருந்து முன்னால் கிளம்புவதற்குப் பதில் பின்னால் ஓடித் தடுப்பில் மோதியது. பத்துப் பேருக்கு மேல் காயம். வண்டிக்குள் ஒரு கம்பி அறுந்திருந்தது. திசை மாற்றச் சொன்ன கட்டளை மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை எதுவும் மோதவில்லைதான். அவசர பொத்தானை அழுத்தினேன். பதிவுசெய்த குரல் மூன்று முறை 'காத்திருங்கள்' என்றது. மனிதக் குரல் வர 11 நிமிடம் ஆயிற்று. அதற்குள் ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டியது. அவருக்காக இரண்டு இளைஞர்கள் கதவின் அவசரக் கைப்பிடியை இழுக்கப் போனார்கள். கீழே தண்டவாளத்தை ஒட்டி மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளம் இருக்கிறதே என்று கத்தித் தடுத்தது நான். அந்த வேலைக்கு நீங்கள் எனக்குச் சம்பளம் தருவதில்லை!

ஓட்டுநரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. லண்டனில் 1987 முதல் ஓடும் டாக்லாண்ட்ஸ் ரயில்களும் தானியங்கிதான். இருந்தாலும் வண்டிக்கு ஒரு பணியாளர் உண்டு. கதவைக் கவனிப்பார், தேவைப்பட்டால் அவரே ஓட்டுவார். உங்களால் ஏன் முடியாது என்று எழுதுங்கள். அப்புறம், அன்று மாலை கட்டுப்பாட்டு அறையில் அவசர அழைப்புகளை எடுக்க எத்தனை பேர் இருந்தார்கள், என் அழைப்பு எத்தனை மணிக்குப் பதிவானது என்ற விவரமும் வேண்டும். பெட்டிக்குள் எடுத்த காணொளியை இணைத்திருக்கிறேன்; அதில் நேரம் தெரியும்.

அச்சடித்த பதிலாக இல்லாமல், பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்டு 15 நாட்களுக்குள் அனுப்பவும்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் ரயிலில் வரும் பயணி