ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் யார், எதற்காக எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்று மாதத்தில் உங்கள் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் நான்கு முறை உட்கார்ந்து காத்திருக்கிறேன். வகுப்பில் சில பிள்ளைகள் என் மகளைச் சீண்டிவருவதையெல்லாம் முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை நடந்தது மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாததாக இருந்தது. அதனால்தான் இந்த முறை நேரில் வராமல், மற்ற பெற்றோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் மகளையும், அவளைத் தொடர்ந்து சீண்டிவந்த மூன்று பிள்ளைகளையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு எதிரெதிரே நிற்க வைத்தீர்கள். "சாரி சொல்லுங்க, கை குடுங்க, இனிமே எல்லாரும் ஃபிரெண்ட்ஸ்" என்றீர்கள். மூன்று பேரும் சாரி சொன்னார்கள். என் மகளும் சாரி சொன்னாள். எதற்காகச் சொன்னாள் என்று நான் கேட்டபோது, "எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றாள். மறுநாள் காலையில் அவளுக்குப் புதிதாக ஒரு பெயர் கிடைத்திருந்தது: போட்டுக்கொடுத்தவள். பழைய பட்டப்பெயரும் போகவில்லை. அதை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் நான்கு பேருக்குத் தெரியும்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கை குலுக்கி முடிப்பது சண்டைக்குத்தான் சரி. ஒரு பென்சிலுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இருவரையும் நிற்க வைத்துப் பேசலாம். இருவருக்கும் சம பலம், இருவர் பக்கமும் ஏதோ ஒரு நியாயம். மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியை மாதக்கணக்கில் துரத்துவதைச் சண்டை என்று சொல்ல முடியாது. அதைச் சமரசம் பேசி முடிக்கப் பார்த்தால், பயந்து கிடக்கும் பிள்ளையைப் பயமுறுத்துபவர்கள் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

இப்போது என் கோரிக்கை. ஒன்றே ஒன்றுதான். இப்படி ஒரு சம்பவம் காதுக்கு வந்தால் அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

கடந்த இரண்டு மாதமாக என் மகளின் வாட்டர் பாட்டில் சாயங்காலம் முழுதாகத் திரும்பி வந்தது. காலையில் கழுத்து வரை நிரப்பி மூடியைத் திருகிப் பையில் வைப்பேன். சாயங்காலம் அதே கனத்தில் இருக்கும். முதலில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் திட்டினேன். புது பாட்டில் வாங்கிக் கொடுத்தால் குடிப்பாளோ என்று அவளுக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று வாங்கினேன். அதுவும் முழுதாகவே வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது, வேறெதுவும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

பிறகு காய்ச்சல் வந்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று அழுதாள். சிறுநீர்த் தொற்று என்றார் மருத்துவர். "பாப்பா ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு மெதுவாகச் சொன்னாள்: "குடிச்சா போகணும்ல."

எட்டு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்த வழி அது. கழிப்பறைக்குப் போனால் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொள்வார்கள், விளக்கை அணைப்பார்கள், அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். போகாமல் இருக்கவேண்டும் என்றால் குடிக்காமல் இருக்கவேண்டும். காலை எட்டரையிலிருந்து மாலை நான்கு வரை, விளையாட்டு வகுப்பு முடிந்து வியர்த்து வந்த நாளிலும் அவள் தண்ணீரைத் தொடவில்லை. அவள் யாரிடமும் புகார் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னீர்கள். சொன்னாள். ஒவ்வொரு நாளும் அந்த பாட்டில் வழியாகச் சொன்னாள். எனக்கும் புரியவில்லை, உங்களுக்கும் புரியவில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன். யாரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை, அதற்கு நன்றி. விளையாட்டு ஆசிரியர் சொன்னார்: ஆமாம், ஒரு தடவை அணி பிரிக்கும்போது இவளை யாரும் எடுக்க மாட்டேன் என்றார்கள், நான்தான் ஒரு அணியில் சேர்த்துவிட்டேன். நூலக ஆசிரியர் சொன்னார்: ஒரு தடவை இவள் உட்கார்ந்ததும் அந்த மேசையிலிருந்த மற்ற பிள்ளைகள் எழுந்து போனதைக் கவனித்தேன். வகுப்பாசிரியர் சொன்னார்: ஒரு தடவை பை ஜன்னலுக்கு வெளியே கிடந்தது, கண்டித்தேன். துப்புரவு செய்யும் அக்கா சொன்னார்: ஒரு தடவை உள்ளே அழுதுகொண்டிருந்தாள், கதவைத் திறந்துவிட்டேன். வேனில் கூட வரும் அம்மா சொன்னார்: ஒரு தடவை பிள்ளைகள் ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதட்டினேன்.

ஐந்து பேர். ஐந்து "ஒரு தடவை". ஒவ்வொருவரும் பார்த்தார்கள், ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் ஏதோ செய்தார்கள், அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். ஐந்தையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. என் மகள் மட்டும்தான் ஐந்தையும் சேர்த்து அனுபவித்தாள்.

இதனால்தான் நோட்டு கேட்கிறேன். புல்லியிங், அதாவது சக பிள்ளையைச் சீண்டிக் கொடுமைப்படுத்துவது, என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: வேண்டுமென்றே நோகடிப்பது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இந்த இரண்டாவதைப் பாருங்கள். திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது ஒரு சம்பவத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தேதி போட்டு எழுதினால்தான் தெரியும். எழுதாத பள்ளியில் ஒவ்வொரு சம்பவமும் முதல் சம்பவம்தான். மன்னித்துவிடலாம், சின்னப் பிள்ளைகள்தானே என்று தோன்றும். என் பிள்ளைக்கு அது நாற்பதாவது தடவையாக இருக்கும்.

அந்த ஓல்வியஸ் வேலை செய்த நார்வேயில் 1982இன் கடைசியில் 10 முதல் 14 வயதுக்குள்ளான மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று செய்தி வந்ததும் நாடே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே அரசு நாடு முழுவதும் இதற்காக ஒரு இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது எடுத்த கணக்கில் ஏறக்குறைய ஏழு மாணவர்களில் ஒருவர், சீண்டப்படுபவராகவோ சீண்டுபவராகவோ, இதில் சிக்கியிருந்தது தெரிந்தது. ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பேர் என்றால் ஐந்து பேர். உங்கள் பள்ளியில் எத்தனை பேர் என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? "எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் இல்லைங்க" என்றுதான் முதல் முறை வந்தபோது என்னிடம் சொன்னீர்கள். எழுதி வைக்காத ஒன்று இல்லை என்று எப்படித் தெரியும்?

தாமதமாக வரும் பிள்ளைக்குப் பதிவேடு இருக்கிறது. கட்டணம் கட்டாதவர் பட்டியல் இருக்கிறது. ஷூவுக்குப் பாலிஷ் போடவில்லை என்றால் டைரியில் சிவப்பு மையில் எழுதி என் கையெழுத்து கேட்கிறீர்கள். ஆண்டு விழா நடனத்துக்கு எந்தப் பிள்ளை எத்தனை நாள் ஒத்திகைக்கு வரவில்லை என்பதுகூட உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. கழிப்பறையில் அடைபட்ட பிள்ளைக்கு மட்டும் ஒரு வரி இல்லை. பெற்றோராகிய நாங்களும் கூட்டத்துக்கு வந்தால் மதிப்பெண்ணைத் தவிர எதைக் கேட்கிறோம்? என் பிள்ளைக்கு நடக்கும் வரை நானும் கேட்டதில்லை. இடைவேளையில் யாரோடு சாப்பிடுகிறாள் என்று ஒரு முறைகூட விசாரித்ததில்லை. கணக்கில் ஏன் இரண்டு மதிப்பெண் குறைந்தது என்றுதான் கேட்டேன்.

"அவளைக் கொஞ்சம் தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்று இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இது எனக்கு வலித்தது. மூன்று பேர் கதவை இழுத்துப் பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஒருத்தி எவ்வளவு தைரியமாக இருந்தால் கதவு திறக்கும்? சரி செய்யவேண்டியது அவளுடைய குணத்தையா, அந்த நடைபாதையையா? அந்தக் கழிப்பறைப் பக்கம் இடைவேளையில் ஒரு பெரியவர்கூட நிற்பதில்லை. பிள்ளைகளிடம் பள்ளியின் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எந்த இடத்துக்குத் தனியாகப் போகப் பயம் என்று பெயர் போடாமல் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று நீங்களே பார்க்கலாம்.

அந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. சில பெற்றோர் என்னிடம் அப்படிக் கேட்கச் சொன்னார்கள். அவர்களுக்கும் எட்டு வயதுதான். அதில் ஒரு பிள்ளை போன வருடம் என் வீட்டுக்கு வந்து என் மகளோடு விளையாடியவள். தரையில் மண்டியிட வைப்பதோ, எல்லார் முன்னாலும் திட்டுவதோ வேண்டாம். பெரியவர்கள் பலத்தைக் காட்டினால் பலத்தைக் காட்டுவதுதான் வழி என்று அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் சீண்டலைத் தடுக்க உருவாக்கிய கிவா என்ற திட்டம் 2009இலிருந்து அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடக்கிறது. அதில் ஒவ்வொரு பள்ளியிலும் சில ஆசிரியர்கள் சேர்ந்த ஒரு சிறு குழு இதற்கென்றே இருக்கும். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுவார்கள். சீண்டியவர்களிடம் பிறகு ஒவ்வொருவராகப் பேசி, இனி என்ன செய்யப்போகிறாய் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். அத்தோடு விடாமல், சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்கள். வகுப்பில் எல்லாரும் மதிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளை அழைத்து, இவளோடு கொஞ்சம் சேர்ந்து இருங்கள் என்று ஆசிரியரே சொல்வார்.

இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. கனடாவில் பள்ளி மைதானத்தில் நடப்பதைப் படம்பிடித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001இல் வந்தது. சீண்டல் நடந்த நேரங்களில் 88 சதவீதம் மற்ற பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். 19 சதவீத நேரங்களில்தான் யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்தது. ஆனால் அப்படி வந்தபோது பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்தே நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. பத்து நொடி! என் மகள் வகுப்பில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. சொன்னால் "போட்டுக்கொடுத்தவள்" ஆகிவிடுவோம் என்று பயந்தவர்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தப் பயம் கூடியிருக்கும்.

வேண்டியதைத் திரும்பச் சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். ஒரு நோட்டு. அதில் தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார், என்ன செய்தோம், திரும்ப என்றைக்கு விசாரிக்கப் போகிறோம். விளையாட்டு ஆசிரியரிலிருந்து துப்புரவு அக்கா வரை யார் பார்த்தாலும் அதில் ஒரு வரி எழுதலாம், எழுதத் தெரியாவிட்டால் சொல்லி எழுத வைக்கலாம் என்ற உரிமை. வாரத்துக்கு ஒரு நாள் அதை எடுத்துப் படிக்க ஒருவர். அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு அன்றைக்கே ஒரு தகவல். பட்டப்பெயர்கள் நோட்டோடு நிற்க வேண்டும், வெளியே போகக் கூடாது. இதற்குப் பணம் ஆகாது. புது ஆள் வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து பிள்ளைகளை ஒருவர் சமாளிப்பதை வகுப்பு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். யாருடைய வேலைக்கும் ஆபத்து வரவேண்டும் என்று இதை எழுதவில்லை. குரல் எங்காவது உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து "ஒரு தடவை"களையும் தெரிந்தவரை தேதி போட்டு ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் அதை ஒட்டிவிடுங்கள். பொறுப்பாசிரியர் யார் என்பதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை இடைவேளை நேரத்தில் அந்தக் கழிப்பறைப் பக்கம் யாராவது ஒருவர் மட்டும் நில்லுங்கள். என் மகள் நேற்று பாதி பாட்டில் தண்ணீர் குடித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா