சண்டை இல்லாவிட்டால் ஐஸ் ஹாக்கி சப்பென்று ஆகிவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஐஸ் ஹாக்கி பற்றிய கட்டுரை பார்த்தேன். ‘சர்வதேச விதிகள் வந்தால் என்ஹெச்எல் (அமெரிக்கா, கனடாவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டம் சப்பென்று ஆகிவிடும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதியவர் ஒரு ஆட்டமாவது முழுசாகப் பார்த்திருப்பாரா என்று உங்களுக்கே தெரியும்.

டொரன்டோவில் மகள் வீட்டில் இருந்தபோது நான் நேரில் பார்த்தேன். இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொண்டார்கள். ஒருவர் கீழே விழுந்த பிறகுதான் நடுவர்கள் விலக்கிவிட்டார்கள். தண்டனை ஐந்து நிமிடம், அப்புறம் இருவரும் ஜம்மென்று திரும்பி வந்தார்கள். “இதுக்கும் சேர்த்துத்தான் மாமா டிக்கெட்” என்றார் மாப்பிள்ளை. சர்வதேசப் போட்டியில் அப்படி அடித்துக்கொண்டால் அன்றைய ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டியதுதான். 2010 வான்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடா அமெரிக்காவை 3-2 என்று வென்றதே, அது சப்பென்றா இருந்தது? ஆடியவர்கள் அதே என்ஹெச்எல்காரர்கள்தான்.

ஆடும் பனித்தளமான ரிங்கை சர்வதேச வழக்கப்படி 30 மீட்டர் அகலமாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வான்கூவரிலேயே குறுகலான ரிங்க்தான். சர்வதேச அமைப்பும் இப்போது 26 மீட்டர் பக்கம் சாய்கிறது. ஆனால் ரிங்கின் குறுக்கே போட்ட இரண்டு கோடு தாண்டி நீளமாகப் பாஸ் கொடுப்பதை அவர்கள் 1998லேயே அனுமதித்தார்கள். என்ஹெச்எல்லுக்கு 2005 வரை ஆனது, அதுவும் ஒரு சீசன் முழுக்க ஆட்டமே இல்லாமல் போன பிறகு! தன் பாதியிலிருந்து எதிரணியின் கோல் கோட்டையும் தாண்டிப் பக்கை (ரப்பர் வட்டை) அடித்துவிடுவதுதான் ‘ஐசிங்’. அந்தப் பக்கைத் துரத்திப் போய் வீரர்கள் சுவரில் மோதிக் காலை ஒடித்துக்கொண்ட பிறகு, 2013ல் அந்த விதியையும் பாதி மாற்றினார்கள். இதில் எதுவும் உங்கள் கட்டுரையில் இல்லை.

நம் தரை ஹாக்கியில் ஆஃப்சைடு விதியை எடுத்தபோதும் இங்கே தில்லி சிவாஜி ஸ்டேடியத்தில் டீ குடித்தபடி ஒப்பாரி வைத்தவர்கள் உண்டு. 1976 ஒலிம்பிக்கில் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை போட்டார்களே, அப்போது நம்மை யாராவது கேட்டார்களா? கனடாக்காரர்களின் ‘பாரம்பரியம்’ என்றால் மட்டும் உங்களுக்கு மனசு இளகுகிறது.

2025ல் நம் பெண்கள் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் வெண்கலம் வாங்கினார்கள். உங்கள் தில்லிப் பதிப்பில் தேடிப் பார்த்தேன். ஐபிஎல் வீரரின் புது ஹேர்ஸ்டைல் கிடைத்தது. இதைப் பற்றிப் போன முறை எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள், நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குளிர்காலத்தில் லடாக்கின் லே நகரில் ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் நடக்கும். ஸ்கோரையாவது போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மயூர் விஹார், தில்லி